ஸ்வெட்டரைத் தோளுக்குப் போடுங்கள், மார்புக்குச் சேருங்கள்

டெல்லி மயூர் விகாரிலிருந்து ஒரு தோழி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பின்னக் கற்றுக்கொண்டு, நெட்டில் இறக்கிய ஓர் அமெரிக்கப் பேட்டர்னை (பின்னும் குறிப்பை) வைத்து முதல் ஸ்வெட்டரை முடித்திருக்கிறார். மார்புச் சுற்று 102 செ.மீ. என்பதால், இருந்த 97, 107, 117 ஆகிய சைஸ்களில் 107-ஐ எடுத்துக்கொண்டார். சுற்றளவு பரவாயில்லை. ஆனால் தோள் வழிகிறது, கை விரலை மூடுகிறது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்து தொண்டையை அமுக்குகிறது. அடுத்ததற்குப் பேட்டர்னை எங்கே மாற்ற வேண்டும், முடித்ததைப் பிரித்துவிடலாமா என்பதுதான் கேள்வி. அளவுகளும் தந்திருக்கிறார்: மேல்மார்பு 92, தோள் எலும்புக்கு எலும்பு 36, மேல்கை 32, மணிக்கட்டு 17, சீட் (இடுப்புக்குக் கீழே பின்புறத்தைச் சேர்த்த சுற்று) 104. அவர் பின்னலில் பத்து செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்), 30 வரிசை.

இத்தனை அளவு கொடுத்தவருக்குப் பதில் சொல்வது சுலபம். பெரும்பாலும் "என் ஸ்வெட்டர் சரியாக உட்காரவில்லை" என்று ஒரே வரிதான் வரும்.

நான்கும் தனித்தனிக் கோளாறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: சைஸை மார்பை வைத்துத் தேர்ந்தெடுத்தது. ஸ்வெட்டர் தொங்குவது தோளிலும் பின்கழுத்திலும். மார்பு பெரிதாக இருப்பதால் எலும்பு அகலமாகிவிடாது. பேட்டர்ன் எழுதுகிறவர்களோ சைஸ் கூடக்கூடத் தோள், கைக்குழி, கழுத்து எல்லாவற்றையும் சேர்த்தே அகலமாக்கிக்கொண்டு போவார்கள். ப்ளவுஸ் தைக்கிற டெய்லர் இதைச் செய்யமாட்டார். தோளுக்கு வெட்டிவிட்டு மார்புக்கு டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடிப்பார். பின்னலிலும் அதே வழிதான், டாட் பிடிக்கும் முறை மட்டும் வேறு.

அதனால் மேல்மார்பை வைத்து சைஸ் எடுங்கள். டேப்பைக் கையிடுக்கை ஒட்டி, மார்பின் முழுமைக்கு மேலே சுற்றி எடுப்பதே மேல்மார்பு. உங்களுக்கு 92; ஐந்து செ.மீ. தளர்வு சேர்த்தால் 97. ஆக நீங்கள் போட வேண்டியது 97 சைஸ். "அது எனக்கு நுழையவே நுழையாதே" என்று தோன்றும். முதுகுக்கும் தோளுக்கும் அதுதான் சரி. முன்பக்கத்துக்கு வேண்டியதை முன்பக்கத்தில் மட்டும் சேர்க்கப் போகிறோம்.

முதலில் தோள். 107 சைஸில் தோளின் அகலம் 41 செ.மீ. வாக்கில் வந்திருக்கும், டேப் வைத்துப் பாருங்கள். உங்கள் எலும்பளவு 36. பக்கத்துக்கு இரண்டரை செ.மீ. கீழே வழிந்தால் கையும் அதே இரண்டரை கீழிறங்கும். அதோடு அமெரிக்கப் பேட்டர்னில் கை நீளமே நம்மைவிட உயரமான பெண்களுக்கானது. இரண்டும் சேர்ந்துதான் விரலை மூடுகிறது. தோளைச் சரிசெய்யாமல் கையை மட்டும் குறைத்தால், கையைத் தூக்கும்போது மணிக்கட்டு வெளியே வந்துவிடும். கை நீளத்தைக் கையில் மட்டும் அளக்கவும் கூடாது. முழங்கையை லேசாக மடக்கி, பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை எடுங்கள். அதில் ஸ்வெட்டரின் தோள் அகலத்தில் பாதியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கைக்கு.

97 சைஸில் பின்பாகம் 107 கண்ணி. கைக்குழி முடிந்ததும் தோளுக்கு நிற்பது 83, அதாவது 38 செ.மீ. அளவில் இருக்கும். இன்னும் பக்கத்துக்கு இரண்டு கண்ணி குறைத்து 79-க்குக் கொண்டுவாருங்கள். 36 செ.மீ. ஆகிவிடும். அதைத் தோள் 21, கழுத்து 37, தோள் 21 என்று பிரித்துக்கொள்ளலாம். தோளை ஒரே வரிசையில் நேராக மூடாதீர்கள் (மூடுவது என்றால் கண்ணிகளை முடித்து ஊசியிலிருந்து எடுப்பது). யாருக்கும் தோள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் இருப்பதில்லை. வெளிப்பக்கத்திலிருந்து 6, 5, 5, 5 என்று நான்கு தவணையாக மூடினால் இரண்டு செ.மீ. சரிவு கிடைக்கும். கைக்குழியோரம் விழும் அந்தக் கோணல் மடிப்பு இதிலேயே போய்விடும்.

கழுத்து தொண்டையை அமுக்குவதற்குக் காரணம் முன்கழுத்தும் பின்கழுத்தும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது. பின்னால் இடம் போதாமல் ஸ்வெட்டர் முதுகுப் பக்கம் நழுவுகிறது, முன்கழுத்து மேலேறுகிறது. முன்கழுத்து இறக்கம் எட்டு செ.மீ. வையுங்கள். பின்கழுத்தில் இரண்டு செ.மீ. வளைவு போதும். மேலிருந்து கீழாகப் பின்னும் பேட்டர்ன் என்றால் பின்கழுத்தில் மட்டும் ஆறேழு வரிசையைப் பாதியில் திருப்பிப் பின்னி உயர்த்திக்கொள்ளலாம். கழுத்து பார்டரின் கடைசி வரிசையை ஒரு நம்பர் பெரிய ஊசியில் தளர்வாக மூடுங்கள். தலை நுழையும்போது கடகடவென்று நூல் அறுகிற சத்தம் கேட்காது.

இனி முன்பக்கம். இங்கே அகலம், நீளம் இரண்டும் போதவில்லை. பெரும்பாலோர் அகலத்தை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தூக்கிக்கொண்டு நிற்பது நீளக்குறைவால்தான். தோளும் கழுத்தும் சேருமிடத்திலிருந்து மார்பின் உச்சி வழியாக இடுப்பு வரை ஒருமுறை, பின்னால் அதே இடத்திலிருந்து இடுப்பு வரை ஒருமுறை அளந்து பாருங்கள். மேல்மார்புக்கும் மார்புக்கும் பத்து செ.மீ. வித்தியாசம் உள்ளவருக்கு முன்னளவு நான்கைந்து செ.மீ. கூட இருப்பது சகஜம். ஐந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். பின்னல் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், அதனால் நான்கு சேர்த்தால் போதும். செ.மீ.க்கு மூன்று வரிசை என்றால் பன்னிரண்டு வரிசை, அதாவது பக்கத்துக்கு ஆறு திருப்பம்.

இதைத்தான் ஷார்ட் ரோ என்கிறார்கள். வரிசையை முழுக்கப் பின்னாமல் ஓரத்துக்கு முன்பே திரும்பிவிடுவது. நடுவில் வரிசைகள் கூடும், ஓரத்தில் கூடாது. பக்கத் தையல் முன்னும் பின்னும் சமமாகவே நிற்கும். முன்பாகத்தில் 121 கண்ணி இருக்கும் (எப்படி என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்). முதல் வரிசையில் கடைசி ஐந்து கண்ணியை விட்டுத் திரும்புங்கள். மறுபுறமும் ஐந்தை விட்டுத் திரும்புங்கள். அடுத்த முறை அதற்கும் ஐந்து முன்னே, அடுத்தது இன்னும் ஐந்து முன்னே. ஆறாவது திருப்பத்தில் பக்கத்துக்கு 30 கண்ணி விட்டு, நடுவில் 61 இருக்கும், சுமார் 28 செ.மீ. அகலம். இரண்டு உச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட இது பக்கத்துக்கு மூன்று நான்கு செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். உச்சி வரை போய்த் திரும்பினால் கூம்பு மாதிரி துருத்தும். இந்த வரிசைகள் உச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேயே முடிந்துவிட வேண்டும். உச்சி எங்கே வரும் என்பதை வீட்டில் போடும் உள்ளாடையோடு அளக்காதீர்கள். வெளியே போகும்போது போடுவதோடு அளங்கள், ஏனென்றால் அதில் இரண்டு செ.மீ. கூட மாறும்.

திரும்பும் இடத்தில் ஓட்டை விழாமலிருக்க ஜெர்மன் ஷார்ட் ரோ முறைதான் எனக்குப் பிடித்தது. திரும்பியதும் நூலை முன்னால் கொண்டுவந்து, முதல் கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இறுக்கி இழுங்கள். கண்ணி இரண்டு காலோடு நிற்கும். பிறகு முழு வரிசை பின்னும்போது அந்த இரண்டு காலையும் சேர்த்து ஒரே கண்ணியாகப் பின்னிவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. குறுக்குக் கோடு போட்ட டிசைனில் மட்டும் இது வேண்டாம், கோடு வளைந்துவிடும்.

அகலத்துக்கு வருவோம். முன்பாகமும் பேட்டர்ன்படி 107 கண்ணிதான். இடுப்புக்கு மேலிருந்து மார்பு வரை பக்க ஓரங்களில் ஏழேழு கண்ணி கூட்டுங்கள். 121 ஆகும். முன்னும் பின்னும் சேர்த்து 228 கண்ணி, தையலுக்குப் போனது போக சுமார் 103 செ.மீ. வரும். நீளம் சரியாகக் கிடைத்துவிட்டால் 102 மார்புக்கு இது இழுபடாமல் உட்காரும். இன்னும் தளர்வு வேண்டுமென்றால் ஏழுக்குப் பதில் பத்து. அதற்குமேல் போனால் கைக்குழியோரம் அலை அலையாக நிற்கும். கூட்டியதைக் கைக்குழியில் தொலைத்துவிட வேண்டும்: பின்பாகத்தில் முதலில் மூடுவது ஆறு கண்ணி என்றால் முன்பாகத்தில் ஒன்பது, பின்னால் ஓரக் குறைப்பு எட்டு முறை என்றால் முன்னால் பன்னிரண்டு முறை. இரண்டும் 79-ல் வந்து நிற்கும், தோளோடு தோள் பொருந்தும்.

சீட் 104 இருப்பதால் கீழ்ப்பாகத்தை 97 சைஸில் தொடங்கக்கூடாது. அடியில் முன்னும் பின்னும் 117 கண்ணி ஏற்றுங்கள். இடுப்புக்குள் பக்கத்துக்கு ஐந்து குறைத்து 107 ஆக்குங்கள். அடி பார்டருக்கு உடம்புக்குப் போடும் ஊசியைவிட ஒரு நம்பர் சின்னது போதும். இரண்டு நம்பர் சின்னதாகப் போட்டால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சீட்டின் மேல் ஏறி உட்காரும். குர்த்தா மேல் போடுவதானால் பக்கத்தில் ஐந்து செ.மீ. தைக்காமல் விட்டுவிடுங்கள். மொத்த உயரத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் கைக்குழிக்குக் கீழேதான். கைக்குழிக்குள் நாலு வரிசை கூட்டினாலும் கையின் மேல்வளைவு பொருந்தாமல் போகும்.

கை. மேல்கை 32-க்கு நான்கு தளர்வு சேர்த்து 36, அதாவது 80 கண்ணி. மணிக்கட்டு 17-க்கு மூன்று சேர்த்து 20, அதாவது 44. வித்தியாசம் 36 கண்ணி, ஒரு தடவைக்கு இரண்டு வீதம் 18 தடவை கூட்ட வேண்டும். கையிடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை 42 செ.மீ. வைத்தால், பார்டருக்கு ஆறும் மேலே நேராகப் பின்ன நான்கும் போக 32 செ.மீ., 96 வரிசை. ஆறு வரிசைக்கு ஒருமுறை பன்னிரண்டு தடவை, பிறகு நாலு வரிசைக்கு ஒருமுறை ஆறு தடவை. 72-ம் 24-ம் 96. கணக்கு இவ்வளவு அழகாக எப்போதும் அமையாது. மிஞ்சினால் மேலே நேராகப் பின்னும் பகுதியில் தள்ளிவிடுங்கள். கையின் மேல்வளைவு ஓரத்தையும் கைக்குழிச் சுற்றையும் டேப் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் தைக்க வேண்டும். வளைவு ஒன்றிரண்டு செ.மீ. கூட இருக்கலாம், குறையக்கூடாது.

பேட்டர்னே இல்லாமல் போட ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) பரப்பிய சதவீதக் கணக்கு அது: உடம்பின் கண்ணியை நூறாக வைத்தால் மணிக்கட்டு 20, மேல்கை 33, கையிடுக்கு 8, கழுத்து 40. குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் பிரமாதமாக வேலை செய்யும். உங்கள் விஷயத்தில் கவனம் தேவை. 97 சைஸின் 214 கண்ணியை நூறாக வைத்தால் மேல்கை 71 வரும். அது 32 செ.மீ., உங்கள் கையளவே, மூச்சுவிட இடமில்லை. 107-ஐ வைத்தால் கை சரியாக வரும், கழுத்தும் தோளும் மறுபடி வழியும். எல்லாமே மார்புச் சுற்றிலிருந்து பிறக்கும் கணக்கு என்பதால் இப்படி. கழுத்து, தோள், கை மூன்றையும் நேரடியாக அளந்து போடுவதே நல்லது.

இத்தனை கணக்கும் 22 கண்ணி, 30 வரிசை என்ற ஒரே தூணின் மேல் நிற்கிறது. அது 21 ஆனால் 214 கண்ணி 97-லிருந்து 102 செ.மீ. ஆகிவிடும், அரை சைஸ் போச்சு. அதனால் புது நூலுக்குப் பதினைந்து செ.மீ. சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் பத்து செ.மீ. அளங்கள். அதே நூலில் போடுவதானால் துண்டே வேண்டாம், முடித்த ஸ்வெட்டரின் முதுகை அளந்தால் போதும். கையகலத் துண்டைவிட அது உண்மை சொல்லும். கண்ணி சரியாக வந்து வரிசை மட்டும் மாறினால் கவலைப்படாதீர்கள். "60 வரிசை பின்னு" என்பதைச் செ.மீ.ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

சுற்றளவு சரியாக வந்திருப்பதால், ஊசி விஷயத்தில் நீங்கள் தப்பித்திருக்கிறீர்கள். அமெரிக்க 6-ம் நம்பர் என்பது 4 மி.மீ. நம் கடையில் 6 என்று கேட்டால் 5 மி.மீ. தருவார்கள், ஏனென்றால் இங்கே பழைய பிரிட்டிஷ் நம்பர்தான், நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். நமக்கு 4 மி.மீ. என்பது 8. அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. இந்தத் தலைகீழ் கணக்கில் எத்தனையோ நல்ல உழைப்பு பாழாகியிருக்கிறது. எந்தப் பேட்டர்னிலும் மி.மீ. மட்டும் பாருங்கள்.

நூல். வர்த்தமான், ஓஸ்வால் எதுவானாலும் லேபிளில் எவ்வளவு அக்ரிலிக் என்று பார்த்து வாங்குங்கள். அசல் கம்பளி தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக இழுத்து வைத்தால் வைத்த அளவில் காயும். அக்ரிலிக் அப்படிப் பணியாது; நீராவி காட்டினால் தளர்ந்து துவளும், அதன்பின் பழைய சுருக்கத்துக்குத் திரும்பவே திரும்பாது. ஆகவே அக்ரிலிக் கலந்த நூலில் "துவைத்தால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை வேண்டாம், பின்னும்போதே அளவு சரியாக வர வேண்டும். உங்கள் அளவுக்கு இந்த ரக நூல் 500–600 கிராம் ஆகும். மாற்றங்களுக்காக ஐம்பது கிராம் கூட வாங்குங்கள். எல்லா கோலாவிலும் (நூல் உருண்டையிலும்) சாயமிட்ட தொகுதியைக் காட்டும் லாட் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும்.

புடவைக்கு மேல் போடப் போகிறீர்களா என்று கேட்க மறந்துவிடுவேன், கேட்டுவிடுகிறேன். மார்கழிக் காலையில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் படியேறும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள்: பட்டுப்புடவை, அதன்மேல் அவசரத்துக்கு மாட்டிய ஆண்பிள்ளை ஸ்வெட்டர், இடது தோளில் முந்தானை மூட்டை. புடவைக்கென்றால் முன்பக்கம் திறக்கும் கார்டிகன்தான், அளவைப் புடவை கட்டிக்கொண்டே எடுக்க வேண்டும், மேலே சொன்ன தளர்வோடு இன்னும் நான்கு செ.மீ. சேர்க்க வேண்டும். உயரம் இடுப்புக் கொசுவத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிட வேண்டும். என்னைக் கேட்டால் அதைவிட முழுக்கை உல்லன் ப்ளவுஸ் உத்தமம். மெல்லிய நூலில், தளர்வே வைக்காமல், மார்புச் சுற்றைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாகவே பின்னலாம். மேலே சொன்ன ஷார்ட் ரோ டாட் அங்கேதான் முழுசாகப் பயன்படும்.

கடைசியாக, முடித்த ஸ்வெட்டர். முழுக்கப் பிரிக்காதீர்கள். பின்கழுத்திலும் தோள் தையலிலும் (கீழே சொல்லும் கழுத்து வேலை முடிந்தபின்) உள்பக்கமாகக் குரோஷா ஊசியால் ஒரு சங்கிலி ஓட்டுங்கள், போகப்போகக் கொஞ்சம் இறுக்கி. தோள் ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே வரும், மேற்கொண்டு தொங்காது. கழுத்துக்கு, முன்பாகத்தின் தோள் தையலையும், அதையொட்டிக் கை சேரும் தையலின் மேல்பகுதியையும், கழுத்து பார்டரையும் மட்டும் பிரித்து, முன்பாகத்தை மேலிருந்து எட்டு செ.மீ. அவிழ்த்து, இறக்கத்தோடு மறுபடி பின்னுங்கள். கீழிருந்து மேலே போட்டது என்பதால் மேலிருந்து சரசரவென்று அவிழும். கையின் மணிக்கட்டு அப்படி அவிழாது. பார்டருக்கு மேலே குறைக்க வேண்டிய நீளத்தில் ஒரு வரிசையில் ஒரே ஒரு இழையை வெட்டி, அந்த வரிசையை மட்டும் உருவி, திறந்த கண்ணிகளை ஊசியில் பிடித்து, 44-க்குக் குறைத்து, கீழ்நோக்கி பார்டர் பின்னி மூடுங்கள். முன்பக்கம் தூக்குவதை மட்டும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. நீளமான குர்த்தாவோடு போட்டுக்கொள்ளுங்கள்.

புது நூலைப் பொங்கலுக்கு முன் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு லாஜ்பத் நகரிலும் சரி, சதர் பஜாரிலும் சரி, கடைக்காரர்கள் இருப்பைத் தள்ளிவிடும் அவசரத்தில் இருப்பார்கள், ஒரே லாட்டில் பன்னிரண்டு கோலா சேர்ப்பது கஷ்டம்.